பதினாறு கட்டத்துக்குள் ஒரு நடை

…இல்லை, முழங்கால் இவ்வளவு மேலே வராது, ஒரு கட்டம் கீழே இறக்க வேண்டும், அவர் நடக்கும்போது காலைத் தூக்குவதே தெரியாது, தரையை உரசிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும், ஆனாலும் கூட வருகிறவர்கள் எல்லாம் மூச்சு வாங்கப் பின்தங்கிவிடுவார்கள்… சின்னம்மை ரப்பரால் அந்த ஒரு கட்டத்தைத் தேய்த்து, ஊதி, அதற்குக் கீழே இருந்த கட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்கினாள். கடுகளவு கட்டம். அதை இறக்கியதும், கிராஃப் தாளில் படியேறிக்கொண்டிருந்த ஆள் சமதரைக்கு வந்துவிட்டான். நேற்றும் இப்படித்தான், வயிற்றில் ஒரு கட்டத்தைக் கூட்டினால் தொப்பை, குறைத்தால் பட்டினி, கழுத்தில் ஒன்றை நகர்த்தினால் ஆள் யோசிக்கிறான், இன்னொன்றை நகர்த்தினால் கோபப்படுகிறான்… ஹாலில் மற்றப் பெண்களின் பின்னல் ஊசிகள் உரசிக்கொண்டிருந்தன, ஈரக் கம்பளி வாசனை, சன்னலுக்கு வெளியே குன்னூரில் பாதியை மூடுபனி எடுத்துக்கொண்டுவிட்டது, கீழே பஸ் ஸ்டாண்டில் கோத்தகிரி வண்டிக்கு ஆள் கூப்பிடும் குரல் மட்டும் மேலே ஏறி வந்தது. சாயங்காலம் அங்கேயிருந்துதான் முத்துவேல் அண்ணன் ஏறி வருவார். வந்து, என்ன முடிவு பண்ணினே என்று கேட்பார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், சரி என்றோ வேண்டாம் என்றோ… சாயங்காலம்தானே. அதற்குள் இந்த இடது காலை முடித்துவிட வேண்டும்.

ரோஸ்மேரி அக்கா ஸ்வெட்டர் பின்னி ஊட்டிக் கடைகளுக்குக் கொடுக்கிறவர். ஏழெட்டுப் பெண்கள் வந்து பின்னுகிறார்கள். மார்பில் வருகிற மான், ரோஜா, பைன் மரம் எல்லாவற்றையும் கட்டம் கட்டமாகத் தாளில் வரைந்து கொடுப்பது சின்னம்மையின் வேலை, ஒரு கட்டத்துக்கு ஒரு கண்ணி. அக்காவின் தம்பி சகாயம் இங்கிலாந்தில் வீடியோ கேம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் இருக்கிறார், லீவில் வந்திருக்கிறார், வரும்போது ஒரு புத்தகம் அளவே இருக்கிற கம்ப்யூட்டரும் அதை மாட்டிப் பார்க்க ஒரு குட்டிக் கலர் டி.வி.யும் கொண்டுவந்தார். போன வாரம் அவளுடைய மான் சார்ட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "அட, நான் பண்றதும் இதேதானுங்க" என்றார். டி.வி. திரை முழுக்கக் கட்டங்களாம், ஒவ்வொன்றுக்கும் பிக்சல் என்று பேர், அந்தக் கட்டங்களால் ஆகி, திரையில் தனியாக நகர்ந்து போகிற உருவத்துக்கு ஸ்ப்ரைட் என்று பேர். அவருடைய விளையாட்டில் ஒரு ஆள் தேயிலைக் கொழுந்து மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, பனி வந்து மூடுவதற்குள் மலைப்பாதையில் ஏறி ஃபேக்டரிக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த ஆளை அவள் வரைய வேண்டும், பதினாறு கட்டம் அகலம், பதினாறு கட்டம் உயரம், தலை, கை, கால், மூட்டை எல்லாம் அதற்குள்ளேயே. முதல் ஆள் சவுக்குக் கம்பாக வந்து நின்றான். அவளைச் சொல்லிக் குற்றமில்லை… பின்னலில் ஒரு கண்ணி சதுரமாக இருக்காது, அகலம் கூட, உயரம் குறைவு, தாளில் சரியாக இருக்கிற மான் ஸ்வெட்டரில் நசுங்கிப் பன்றியாகிவிடும், அதனால் எதையும் நெட்டையாக இழுத்து வரைவதே அவள் கைக்குப் பழக்கம். திரையின் பிக்சலோ சதுரம், எதையும் நசுக்காது, கொடுத்ததைக் கொடுத்தபடி காட்டிவிடும். "யாருங்க இது, நாப்பது நாள் உபவாசம் இருந்த பாதிரியாரா?" என்று சகாயம் சார் சிரித்த சிரிப்பில் பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். "மூட்டையத் தூக்கினா நடுவுல ஒடிஞ்சுருவானுங்க" என்றாள் ஒருத்தி. சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொதுவா ஒரு ஆளை வரையாதீங்க சின்னம்மை. தெரிஞ்ச ஆள் யாரையாச்சும் மனசுல வெச்சுட்டு வரைங்க" என்றார்.

தெரிஞ்ச ஆள்… அய்யாவு மச்சானைத் தவிர வேறு யாரை? அவளுடைய புருஷன். அக்கரையில், சிலோனில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், அதே லயத்தில், அதே ஒற்றை அறைக் காம்பராவில் இருக்கிறார், இருக்க வேண்டும், இருப்பார்… அவள் பேர் கல்யாணத்துக்கு முன்பே, இந்தியப் பிரஜையாக அப்பா போட்ட மனுவில் ஏறியிருந்தது, அவர் பேர் அவருடைய அப்பாவின் மனுவில், அது எந்த ஆபீசின் எந்த மூலையிலோ கிடந்தது. அவளுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது, வந்த கையோடு நாட்டை விட்டுப் போக வேண்டிய தேதியும் வந்தது. நீ முன்னால போ புள்ள, எனக்கும் வந்துரும், பின்னாலயே வந்துர்றேன், என்றார். மூன்று வருஷம் ஆகிறது. போன ஆடிக் கலவரத்தில் அந்தப் பக்கமெல்லாம் எரிந்தது என்றார்கள், இந்த வருஷம் தலைமன்னார்க் கப்பலும் நின்றுவிட்டது, ஆளும் வரவில்லை, தகவலும் வரவில்லை. அதே தோட்டத்திலிருந்து வந்து, கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் லைனில் அவளைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்கிற கூடப்பிறந்த முத்துவேல் அண்ணனும் எவ்வளவுதான் பொறுப்பார்? சோலூரில் ஒருத்தர் இருக்கிறார், பெண்சாதி தவறிவிட்டது, கேரட்டும் உருளையும் போடுகிறார், குடிக்காத மனுஷன். இன்றைக்கு அவள் சரி என்றால் ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் கூடி அய்யாவோடு இருந்த உறவைத் தீர்த்துவிடுவார்கள், கழுத்தில் இருப்பதைக் கழற்றி வெற்றிலைத் தட்டில் வைத்தால் முடிந்தது. காலையில் பஸ்ஸில், "கேரட்டு கொண்டாந்து குடுத்தாரே, பாத்தியா, ஒண்ணொண்ணும் உன் முழங்கை நீளம்" என்றார் அண்ணன். "கேரட்டையா கட்டிக்கச் சொல்ற?" என்று கேட்டாள். முன்சீட்டில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை, சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "வெளையாடாத தங்கச்சி. இருக்காரா இல்லையான்னே தெரியாத ஆளுக்காக எத்தன நாளைக்கு இப்புடியே நிப்ப?" என்றார்.

சரி, மூட்டை. மூட்டையின் அடிவிளிம்பு சாய்ந்து இறங்க வேண்டும், இரண்டு கட்டம் போய் ஒன்று இறங்கு, இரண்டு போய் ஒன்று இறங்கு, இப்படி ஒரே சீராக இறங்கினால் கண் அதைக் கோடு என்று நம்பிவிடும், இரண்டு, மூன்று, ஒன்று என்று தாறுமாறாக இறங்கினால் உடைந்த படிக்கட்டில் கால் வைத்த மாதிரி கண் இடறும். எட்டிப் பார்த்தால் வெறும் படிகள், தள்ளி நின்று பார்த்தால் சாய்வு. நிழல் வேண்டுமென்றால் சாம்பல் நிறம் கிடையாது, ஒன்று விட்டு ஒன்றாகக் கறுப்பாக்க வேண்டும், உப்பும் மிளகும் தூவின மாதிரி, தூரத்தில் அது தானே சாம்பலாகும், அதற்கு டிதரிங் என்று பேராம், இரண்டு நிறக் கம்பளியைச் சேர்த்துப் பின்னும்போது அவளும் செய்கிறதுதான், பேர்தான் தெரியாது. இதையெல்லாம்விட அவளுக்குப் பிடித்தது எண் ஆக்குகிற வேலை. தாளில் வரைந்தது கம்ப்யூட்டருக்குத் தெரியாது, அதற்கு எண்தான் தெரியும். வரிசையில் எட்டு எட்டுக் கட்டமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும், வலது ஓரக் கட்டத்துக்கு மதிப்பு ஒன்று, அதற்கு இடப்பக்கம் இரண்டு, அப்புறம் நாலு, எட்டு, பதினாறு, இப்படி இரட்டித்துக்கொண்டே போய் இடது ஓரத்துக்கு நூற்று இருபத்தெட்டு. கறுப்பான கட்டங்களின் மதிப்பை மட்டும் கூட்டினால் ஒரு எண், அந்த எண்ணை வேறு எந்தக் கறுப்பு வெள்ளை வரிசையாலும் தர முடியாது, கூட்டிப் பார்த்தால் தெரியும், முடியவே முடியாது… அவள் வாசிக்க சார் தட்டினார். இடது பாதிக்கு மூன்று, வலது பாதிக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. அதாவது நடுவில் நாலு கட்டம். மச்சானின் உச்சந்தலை. இப்படி முப்பத்திரண்டு எண்களில் ஒரு மனுஷன் முழுசாக வந்துவிடுகிறான், ஒரு மனுஷனை இன்னொரு மனுஷனாக எண்ணிவிடாதபடி… அப்படியானால் மனுவில் இருக்கிற ஆள் யார் என்று பார்க்க ஏன் ஆபீசுகளில் அத்தனை வருஷம் ஆனது, என்று தோன்றியது, தோன்றியதை விட்டுவிட்டாள், கூட்டல் தப்பிவிடும்.

நடப்பதற்கு இரண்டு படம் போதும் என்றார் சார். ஒன்றில் கால்கள் அகன்று, முன்கால் தரையைத் தொடுகிற படம், மற்றதில் ஒரு கால் இன்னொன்றைக் கடக்கிற படம், அதில் மட்டும் தலையை ஒரு கட்டம் உயர்த்த வேண்டும். ஏனென்றால் கால்கள் விரியும்போது மனுஷன் குள்ளமாகிறான், சேரும்போது உயர்கிறான், நடக்கிற எல்லாருடைய தலையும் ஏறி இறங்கிக்கொண்டுதான் போகிறது, அதை மறந்தால் ஆள் நடக்க மாட்டான், தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளின மாதிரி வழுக்குவான். இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினால் நடை. ஆனால் அவள், நாலு படம் வேண்டும் சார், என்றாள். "எதுக்குங்க? எடது கால், வலது கால் ரெண்டும் கறுப்புத்தான, வித்தியாசம் தெரியாதுங்களே." தெரியும் சார், என்றாள். இவருக்கு வலது கால் எட்டிப் போகும், இடது கால் அதைத் தேடிக்கொண்டு வரும், ஒரு கட்டம் குறைவாக. சின்ன வயசில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பட்டது… சொல்லி முடித்த பிறகுதான் இவருக்கு என்று சொல்லிவிட்டது உறைத்தது. நாலு போட்டுப் பாக்கலாமுங்க என்றார் சார். போட்டார்கள். எண்களைத் தட்டி, காஸெட்டில் அது கீச்கீச்சென்று அலறிப் பதிந்து, அப்புறம் ஒரு பட்டன்… திரையின் நடுவில் மச்சான் நடந்தார். விரல் நுனி அளவு. முகம் இல்லை, கண் இல்லை, சட்டைப் பொத்தான் இல்லை. தோள் தாழ்ந்து, தலை முன்னால் நீண்டு, எட்டி ஒன்று, தேடி ஒன்று, எட்டி ஒன்று, தேடி ஒன்று… சின்னம்மை புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நடக்கிறாரே தவிர நகரவில்லை. "அது இன்னும் நகரச் சொல்லிக் குடுக்கலீங்க" என்றார் சார், "நடை வேற, நகர்றது வேற. நகர்த்தணும்னா அதோட இடத்தைத் தனியா மாத்தணும். இல்லாட்டி ஆளை அப்படியே விட்டுட்டுப் பின்னால இருக்கற மலையை நகர்த்தினாலும் போதும்."

அதைத்தான் அவள் பார்த்திருக்கிறாளே. ஹட்டன் ஸ்டேஷனில்… கப்பல் துறைக்குப் போகிற ரயில், அந்தக் கோச்சி முழுக்க அழுகை, அழுகைக் கோச்சி என்றே அதற்குப் பேர் வைத்துவிட்டார்கள், சன்னலுக்கு ஒரு தலை, தலைக்கு இரண்டு கை, பிளாட்பாரத்தில் கட்டிப் பிடித்தவர்களைப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. மச்சான் தண்ணீர்ப் போத்தல் வாங்கப் போனவர் கோச்சி அசையும்போதுதான் ஓடி வந்தார், போத்தலைக் கொடுத்துவிட்டு சன்னலோடு நடந்தார், கோச்சியும் அப்போது நடக்கிற வேகத்தில்தான் போனது. அதனால் சன்னல் சட்டத்துக்குள் அவர் இருந்த இடத்திலேயே இருந்தார், கால் மட்டும் எட்டி ஒன்று தேடி ஒன்று, பின்னால் சுவர் நகர்ந்தது, பெயர்ப் பலகை நகர்ந்தது, தண்ணீர்த் தொட்டி நகர்ந்தது, வேலி நகர்ந்தது… இப்படியே இந்தியா வரைக்கும் கூட வந்துவிடுவார் என்று அவளுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. ஏதாவது சொன்னாரா? போத்தல் மூடி லூசு, சரிச்சிராத, என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் பிளாட்பாரம் முடிந்துவிட்டது.

நிறம் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தபோது அங்கேயும் சிக்கல். எட்டே நிறம்தான் இந்தப் பெட்டியில், கறுப்பு, நீலம், சிவப்பு, ஊதா, பச்சை, வெளிர்நீலம், மஞ்சள், வெள்ளை. மண் நிறம் கிடையாது, மனுஷன் நிறம் கிடையாது. அதுவும் எட்டுக்கு எட்டுக் கட்டம் கொண்ட ஒரு பாத்திக்குள் இரண்டு நிறம்தான் இருக்கலாம், உருவத்துக்கு ஒன்று, பின்னணிக்கு ஒன்று, மூன்றாவது நிறம் உள்ளே நுழைந்தால் பாத்தி முழுக்க மாறிவிடும். அதனால் சிவப்பு ஆள் ஒருவன் தேயிலைச் செடிக்குப் பக்கத்தில் போனால், ஒன்று அவன் பச்சையாகிவிடுவான், இல்லையென்றால் செடி சிவப்பாகிவிடும். எந்த மண்ணில் நிற்கிறோமோ அந்த நிறமாகிவிட வேண்டியதுதான். அவளை இங்கே சிலோன்காரி என்கிறார்கள், அங்கே இந்தியாக்காரி என்றார்கள்… மச்சான் வாயில் எப்போதும் பீடி இருக்கும், அந்தக் கங்குக்காக ஒரே ஒரு சிவப்புக் கட்டம் வைத்துப் பார்த்தாள், தலை முழுக்கச் சிவந்துபோனது. "ஆளுக்குத் தீப்பிடிச்சுருச்சுங்க!" என்றார் சார். சரி, கறுப்பிலாவது இருக்கட்டும் என்று வாய்க்கு முன்னால் அந்தரத்தில் ஒற்றைக் கட்டம் வைத்தாள், சார் அதையும் எடுத்துவிடச் சொன்னார். எதோடும் ஒட்டாமல் தனியாக நிற்கிற கட்டத்தைக் கண் தூசி என்றுதான் நினைக்கும், அது ஏதோ ஒன்றைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும் என்றார். எடுத்துவிட்டாள். கடைசியில் பச்சை மலையில் கறுப்பு ஆள். அதுவே சரி, கறுப்புத்தானே அவர்.

மத்தியானம் அவன் திரும்பி வருவதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். அதாவது இதுவரை வலப்பக்கம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தவன், மூட்டையைப் போட்டுவிட்டு… இல்லை, மூட்டையோடுதான், இடப்பக்கம் பார்த்து வர வேண்டும். சார், அதுக்குத் தனியா வரையவே வேண்டாமுங்க, என்று ஒரு கட்டளை தட்டினார், ஒவ்வொரு வரிசையையும் கம்ப்யூட்டர் தானே கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திருப்பிக்கொள்ளும், இடம் மிச்சம், வேலை மிச்சம். அவன் வந்தான். நன்றாகத்தான் நடந்து வந்தான். மூட்டை இடது தோளுக்கு மாறியிருந்தது. இப்போது இடது கால் எட்டிப் போயிற்று, வலது கால் தேடிக்கொண்டு வந்தது. கண்ணாடி அப்படித்தான் செய்யும், வேறு வழியில்லை, அவளுக்கும் புரிந்தது, ஆனாலும்… போகும்போது மச்சான். வரும்போது வேறு யாரோ. வேறு யாரோ ஒருத்தன் மச்சானுடைய தலையையும் தோளையும் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்து வருகிறான். திரும்பி வர்றதையும் நான் தனியா வரைஞ்சு தர்றேன் சார், என்றாள். சார் தலையைச் சொறிந்தார், மெமரியில் இடம் மட்டுமட்டாகத்தான் இருக்கிறதாம், மலை வேண்டும், பனி வேண்டும், ஃபேக்டரி வேண்டும், சங்குச் சத்தம் வேண்டும். "வெளையாடறவங்களுக்கு இதெல்லாம் தெரியாதுங்க சின்னம்மை." தெரியாதுதான். ஒரு வேளை அவளுக்கே தெரியாமல் போயிருந்தால்? ஒரு நாள் கேட்டுக்கு வெளியே ஒருத்தர் வந்து நின்றால், மூன்று வருஷத்தில் தோள் மாறி, கால் மாறி… யாரைப் பார்த்து அடையாளம் சொல்வாள்?

"அது இருக்கட்டும், இன்னொண்ணு அவசரமா வேணுமுங்க" என்றார் சார். பட்டனை அழுத்திக்கொண்டிருக்கும்வரை ஆள் நடக்கிறான், விட்டுவிட்டால் அப்படியே உறைந்துபோகிறான், கால் அந்தரத்தில் நிற்கும், நொண்டி விளையாடுகிற பிள்ளை மாதிரி. அதனால் நிற்கிற படம் ஒன்று வேண்டும். விளையாடுகிறவன் டீ குடிக்கப் போனாலும் இவன் நிற்க வேண்டும், பொம்மையாக இல்லை, உயிரோடு, யாருக்காகவோ காத்துக்கொண்டிருக்கிற மாதிரி. "நடையே இத்தனை அழகா வந்துருச்சு, நிக்கறது ஒரு வேலையா உங்களுக்கு?" சின்னம்மை புதுத் தாளை எடுத்தாள். பதினாறுக்குப் பதினாறு கோடு கட்டினாள். தலைக்கு நாலு கட்டம் வைத்தாள். அதற்குக் கீழே பென்சில் நின்றுவிட்டது. மச்சான் எப்படி நிற்பார்?

பீலிக்கரையில்… இல்லை, அங்கே அவள்தான் நிற்பாள், குடம் நிறைந்து வழிந்து, அடுத்தவள் இடித்து, ஏன்டி தண்ணி மொண்டாச்சுல்ல, நகரு, என்று சொல்லும்வரை நிற்பாள், அவர் பாதையில் வருவார், ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டே கடந்து போவார். பிரட்டுக்களத்தில் காலை வேலைக்குப் பேர் கூப்பிடும்போது? அப்போதும் அவர் கடைசியில் ஓடி வருகிறவர், கங்காணியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டே வரிசைக்குள் நுழைவார், நின்று பார்த்ததில்லை. கோயில் திருவிழாவில் காவடி எடுத்து ஆடினார், நிற்கவில்லை. கடை வீதியில் முன்னால் போய்விடுவார், அவள் ஒவ்வொரு கடை மூலையிலும் நின்று அவர் திரும்பி வருவதைப் பார்ப்பாள். கல்யாணத்தன்று? அதைக் கேட்கவே வேண்டாம், லாரி பழுதாகி மாப்பிள்ளை வீட்டார் முகூர்த்தம் தாண்டி வந்தார்கள், அவள் மாலையும் கழுத்துமாக லயத்து முற்றத்தில் நின்றாள், நெற்றிச் சுட்டி வெயிலில் சுட்டது கூட ஞாபகம் இருக்கிறது. அவர் பள்ளத்திலிருந்து ஏறி வந்த நடை ஞாபகம் இருக்கிறது. ஸ்டேஷனில் போத்தல் வாங்கப் போனார், வந்தார், நடந்தார். ராத்திரியில் தூங்கினார், ஒருக்களித்து, சுவரைப் பார்த்து. அதை நிமிர்த்தி வைத்தால் நிற்கிற படம் ஆகுமா? நாலு வருஷம் ஒரு காம்பராவில் இருந்த மனுஷன், நின்றிருக்கத்தான் வேண்டும், எங்கேயாவது, எதற்காகவாவது… கையைக் கட்டிக்கொள்வாரா, பின்னால் கோத்துக்கொள்வாரா, எந்தக் காலில் பாரம் போடுவார்? இப்போது அங்கே நின்றுகொண்டிருக்கிறாரா? காத்திருக்கிறாரா? காத்திருக்கிறார் என்றுதானே அவள் இத்தனை நாளும் அண்ணனிடம் சொல்லி வந்தாள், பாஸ்போர்ட்டுக்காக, கப்பலுக்காக, அவளுக்காக… அதை நினைக்கும்போதெல்லாம் மனசில் என்ன படம் வந்தது? ஒன்றும் வரவில்லை. பாதை வந்தது. பாதையில் அவர் போய்க்கொண்டிருந்தார்.

ஹாலில் டீ வந்துவிட்டது. நேரமாகிறது. சின்னம்மை எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றாள், சும்மா, யாராவது நின்றால் கட்டங்கள் எங்கெங்கே விழும் என்று பார்க்கலாம் என்று. கண்ணாடியில் அவள் நிழல் மங்கலாக இருந்தது. பாரம் இடது காலில், அதனால் இடது இடுப்பு ஒரு கட்டம் வெளியே. வலது முழங்கால் தளர்ந்து ஒரு கட்டம் முன்னால். ஒரு கை மற்றக் கையின் முழங்கையைப் பிடித்திருக்கிறது, ஆகவே உடம்புக்கும் கைக்கும் நடுவில் இரண்டு கட்டம் வெளிச்சம். தலை பாதைப் பக்கம் ஒரு கட்டம் சாய்ந்து. மூச்சு விடும்போது தோள் ஒரு கட்டம் ஏறி இறங்கினால் போதும், உயிர் வந்துவிடும். உட்கார்ந்து ஒரே வீச்சில் போட்டாள், ஒரு கட்டத்தைக்கூட அழிக்கவில்லை. எண்களைக் கூட்டினாள், வாசித்தாள், சார் தட்டினார். மச்சான் நடந்து வந்தார், எட்டி ஒன்று, தேடி ஒன்று, சார் பட்டனை விட்டார், நின்றார். மூச்சு விட்டார். சார் தலையைச் சாய்த்துப் பார்த்தார், சிரித்தார். "நல்லாத்தான் இருக்குது… ஆனா என்னங்க, ஆம்பள இடுப்பை இப்படி ஒடிச்சுட்டு நிக்கறான்? கொழாயடிப் பொம்பளையாட்டம்?" இவர் இப்படித்தான் நிப்பாரு சார், என்றாள் சின்னம்மை. சொல்லும்போது காது சுட்டது, எழுந்து மறுபடியும் சன்னலோரம் போய் நின்றாள்.

"சின்னம்மை… முடிஞ்சிச்சா புள்ள?" அண்ணன் குரல். கேட்டைத் தாண்டி வாசல் வரைக்கும் வந்துவிட்டார், குடை சொட்டிக்கொண்டிருந்தது. உள்ள வாங்கண்ணா, டீ குடிச்சுட்டுப் போலாமுங்க, என்று ரோஸ்மேரி அக்கா கூப்பிட, இருக்கட்டும் தாயி, பஸ்ஸு போயிரும், என்று சொல்லிக்கொண்டே குடையை வெளியில் சாய்த்துவிட்டு, பெட்டிக்குள்ள என்னா பொம்மையாட்டமா, என்று கழுத்தை நீட்டிப் பார்த்தார். சார் உற்சாகமாகப் பட்டனை அழுத்தினார், உங்க தங்கச்சி போட்டதுங்க, பாருங்க. கறுப்பு ஆள் பச்சை மலையில் ஏறினான். அண்ணன் முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாக இறங்கியது. துண்டால் முகத்தைத் துடைத்தார். இன்னும் கிட்டே வந்து குனிந்தார். "அட… அய்யாவுல்ல போறாரு" என்றார், அவளிடம் இல்லை, திரையிடம். "அந்த எடது கால இழுக்குறதப் பாரேன்… அய்யாவேதான்." ஊசிச் சத்தம் நின்றுவிட்டது. சார் அவளையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் பட்டனிலிருந்து கையை எடுத்தார். ஆள் நின்றான். அண்ணன் ரொம்ப நேரம் அதைப் பார்த்தார், மூச்சு விடுகிற தோளை, ஒடிந்த இடுப்பை, பாதைப் பக்கம் சாய்ந்த தலையை. அப்புறம் திரும்பி, சன்னலோரம் நின்றுகொண்டிருந்த சின்னம்மையைப் பார்த்தார்.

"போறது அய்யாவு" என்றார் மெதுவாக. "நிக்கிறது நீதானே புள்ள."

அழுதாலும் ஏசினாலும் அந்த நேரத்தில் யாரும் அவளை ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். கீழே கோத்தகிரி வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். "சோலூர்க்காரரு ஸ்டாண்டுலதான் இருக்காரு. நீ சொல்றதச் சொல்லு, நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றார் அண்ணன். சொல்ல வாய் திறந்தவள், தன் வலது கை இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டிருப்பதைக் கண்டாள், பாரம் இடது காலில் இருந்தது, இப்படியே எத்தனை வருஷமாக… பீலிக்கரையிலும், முற்றத்திலும், கடை மூலைகளிலும், இந்த மலையிலும், தனக்காகவும் அவருக்காகவும் சேர்த்து நின்றது இந்த ஒரு உடம்புதானா? அண்ணன் காத்துக்கொண்டிருந்தார். சின்னம்மை முழங்கையிலிருந்து கையை எடுத்தாள். எடுத்த கையை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.